இரண்டு பேருந்துச் சீட்டும் ஒரு நாள் கூலியும்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில், சமூக மனநலப் பிரிவின் மருத்துவ சமூகப் பணியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதலில் உங்களுக்கு நன்றி சொல்லுகிறேன். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையாகவும், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடி அரிசிப் பணமாகவும், பெயர் எழுதாத கவரில் வைத்த நூறு ரூபாய் நோட்டாகவும் நீங்கள் அனுப்பியதெல்லாம் எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி எங்கள் பிரிவின் குடும்ப உதவி நிதிக்குச் செல்லுகிறது. அந்த நிதியைப் பற்றித்தான் இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

சபைகளுக்குச் செல்லும்போது ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். "மனநோய்க்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்களே, பிறகு குடும்பத்துக்குப் பணம் எதற்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் இன்று தமிழ்நாட்டின் மாவட்ட மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், மருந்தும் வாங்கலாம். நம் மருத்துவமனையும் ஏழைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளுகிறது. அப்படியிருந்தும் ஆட்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஏன் நிற்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால், உங்கள் காணிக்கை என்ன செய்கிறது என்பதும் விளங்கும்.

எங்களிடம் வருகிறவர்கள் இரண்டு வகையினர். முதல் வகை மனநோய் கண்டவர்கள். இவர்கள் நம்மைப்போலவே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். பெரும்பாலும் வாலிப வயதில் நோய் வருகிறது. காதில் குரல் கேட்கிறது, வீண் சந்தேகம் வருகிறது, தூக்கம் போய்விடுகிறது. மருந்து இவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் பலர் அதை வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாவது வகை, பிறவியிலோ சிறு வயதிலோ வளர்ச்சியில் குறைபாடு ஏற்பட்ட பிள்ளைகள். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று பல பெயர்கள் உண்டு. இதைத் தீர்க்க மருந்து கிடையாது, பயிற்சிதான் உண்டு. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, தானே சாப்பிடவும் உடுத்தவும் பழக்குதல், எல்லாமே பல வருட வேலை.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று உண்டு. கண்புரை அறுவை போல ஒருமுறை வந்து முடித்துக்கொண்டு போகிற காரியம் அல்ல இது. திரும்பத் திரும்ப வரவேண்டும். செலவும் திரும்பத் திரும்ப வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல இது, நாங்கள் தினமும் பார்க்கும் பல குடும்பங்களுக்கும் பொருந்தும் கணக்கு. நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கிராமம். இருபத்தைந்து வயது மகனும் அவனுடைய தாயும் மாதம் ஒருமுறை வருகிறார்கள். புறநகர்ப் பேருந்துக்கு ஆளுக்கு 35 ரூபாய் என்றால் போகவர 140 ரூபாய். பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவுக்குப் போகவர 60. காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறார்கள், இருவரும் சாப்பிட 100. அன்று தாய்க்குக் களையெடுப்பு வேலை போயிற்று, கூலி 400. மொத்தம் 700 ரூபாய். சில மருந்துகளுக்கு இரத்தப் பரிசோதனை தவறாமல் செய்யவேண்டும். வெளியில் செய்தால் அதற்கு ஒரு 300. ஆக, இலவச மாத்திரையை வாங்கிவர மாதம் ஆயிரம் ரூபாய் ஆகிறது.

இது எங்கள் கற்பனைக் கணக்கு என்று நினைக்கவேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. மனநோய் உள்ள குடும்பங்கள் சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிக்கின்றன என்று அதில் கண்டார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய விலைவாசியில் எடுத்த கணக்கு அது.

அந்தத் தாய் என்ன செய்வார்? ஒரு மாதம் வரமாட்டார். மகன் நன்றாகத்தானே இருக்கிறான், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். இதில் ஒரு சோதனை இருக்கிறது. மாத்திரை நின்றவுடனே எல்லாருக்கும் நோய் திரும்பிவிடாது. சில வாரங்கள் வரைக்கும் ஒன்றும் தெரியாது. சோர்வும் நடுக்கமும் குறைந்து, முன்னைவிட நன்றாக இருப்பதுபோலக்கூடத் தோன்றும். பிறகு தூக்கம் குறையும், முணுமுணுப்பு தொடங்கும், ஒருநாள் வீட்டைவிட்டே போய்விடுவான். அவனைத் தேடிப் பிடித்து, வாடகைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் தாயின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கும். 700 ரூபாய் இல்லாமல் நின்ற மருந்து, 20,000 ரூபாய்க் கடனாக அந்த வீட்டுக்குத் திரும்பிவருகிறது. அவன் பார்த்துவந்த வேலையும் போய்விடுகிறது.

ஆகவே எங்கள் நிதியின் முதல் செலவு பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும்தான். கேட்பதற்குச் சிறிய காரியம். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டுக்கு இணையாக இதுவும் சிகிச்சையைக் காப்பாற்றுகிறது.

அடுத்து, அரசாங்க உதவியைப் பற்றிச் சொல்லவேண்டும். "இது சர்க்கார் செய்யவேண்டிய வேலை அல்லவா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அரசு செய்கிறது என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. வருவாய்த் துறை மூலம் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. 2021 முதல் மாற்றுத்திறனாளிகளும் துணைக்கு வருபவரும் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ல் வந்தது. அதன்கீழ் நடக்கும் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக 1995-ஆம் வருடச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் வருடச் சட்டம் அந்த வகைகளை 21 ஆக விரித்தது.

இவ்வளவு இருந்தும் அந்தத் தாயின் கைக்கு ஏன் வரவில்லை? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாசல் ஒன்றுதான், மாற்றுத்திறனாளி சான்றிதழும் அடையாள அட்டையும். 40 சதவீதத்துக்குக் குறையாமல் பாதிப்பு இருப்பதாக மருத்துவக் குழு சான்று தரவேண்டும். பிள்ளையாக இருந்தால் அறிவுத்திறன் சோதனை செய்யவேண்டும். மனநோயாளியாக இருந்தால் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கையும், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அதற்குப் பழைய சிகிச்சைச் சீட்டுகள் வேண்டும். கூரை ஒழுகும் வீட்டில் பத்து வருடச் சீட்டை எங்கே வைத்திருப்பார்கள்?

ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர். அதைத் திருத்த ஒரு பயணம். போட்டோவுக்கும் நகலுக்கும் ஒரு நாள். குழு உட்காரும் நாளில் ஒரு பயணம். அன்றைக்கு மருத்துவர் விடுப்பு என்றால் மறுபடியும் ஒரு பயணம். சத்தத்தைத் தாங்கமுடியாத ஆட்டிசம் உள்ள பதினைந்து வயதுப் பையனை நெரிசலான பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், வரிசையில் மூன்று மணிநேரம் நிற்கவைக்கிற தகப்பனை நினைத்துப் பாருங்கள். இரண்டு முறை அலைந்தவர் மூன்றாம் முறை கிளம்பமாட்டார். மாதம் 2,000 ரூபாய் உரிமையை 700 ரூபாய் இல்லாததால் விட்டுவிடுகிறார்.

இங்கேதான் நம்முடைய நிதியின் இரண்டாவது வேலை. சான்றிதழுக்கு அலையும் செலவைக் கொடுக்கிறோம், எங்கள் களப் பணியாளர் ஒருவர் கூடவே போகிறார். விண்ணப்பித்து உத்தரவு வரும்வரை மாதங்கள் செல்லலாம். அந்த இடைக்காலத்துக்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். அரசு உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறிய மாதத்தில் எங்கள் தொகை நிற்கும். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். ஒரு குடும்பத்துக்கு நிறுத்தும் பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகிறது. அரசாங்கம் செய்யவேண்டியதை நாம் செய்யவில்லை. அரசாங்கத்தின் வாசல்வரைக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

மூன்றாவது வேலை, தொழிலுக்கு உதவுவது. நோய் தணிந்தவருக்கு இரண்டு ஆடு, ஒரு தையல் மிஷின், இட்லிக் கடைக்குப் பாத்திரம் என்று கொடுக்கிறோம். பிள்ளையைவிட்டு வெளியே போகமுடியாத தாய்க்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு முதல் போடுகிறோம்.

இனி, உங்கள் மனதில் இருந்தும் நீங்கள் கேட்கத் தயங்குகிற கேள்விக்கு வருகிறேன். கையில் பணம் கொடுத்தால் குடித்துவிடமாட்டார்களா? 2014-ல் உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர், பல நாடுகளில் ஏழைகளுக்குப் பணமாகக் கொடுத்த திட்டங்களைப் பற்றிய 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகப் பொதுவில் காணப்படவில்லை. எங்கள் ஏற்பாட்டிலும் காவல் உண்டு. பயணப் பணம் மருத்துவமனைக்கு வந்த அன்றைக்கே, பெரும்பாலும் தாயின் கையிலோ மனைவியின் கையிலோ கொடுக்கப்படுகிறது. கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறோம். கணக்கை ஆடிட்டர் தணிக்கை செய்கிறார். ஆனால் சாட்சி சொன்னால்தான் உதவி, ஆலயத்துக்கு வந்தால்தான் உதவி என்கிற நிபந்தனை எங்களிடம் கிடையாது. எல்லா மதத்தினருக்கும் ஒரே அளவுகோல்தான். அவர்களுடைய போட்டோவை இந்தப் பத்திரிகையில் போடுவதில்லை. ஒரு பெண்ணுக்கு மனநோய் இருந்தது என்று ஊருக்குத் தெரிந்தால் அவள் தங்கையின் கல்யாணமும் நின்றுவிடும். நீங்கள் போட்டோ கேட்டு எழுதும்போது நாங்கள் அனுப்பாததற்குக் காரணம் இதுதான்.

குடும்பத்துக்கு உதவுவதைவிட ஒரு பெரிய இல்லம் கட்டி அவர்களையெல்லாம் அங்கே வைத்துக் கவனிக்கலாமே என்று சிலர் அன்போடு எழுதுகிறீர்கள். யாருமற்றவர்களுக்கு இல்லம் வேண்டும்தான். ஆனால் வீடு இருக்கிறவருக்கு வீடுதான் நல்லது. நம்முடைய நாடு இதை உலகத்துக்கு முன்னமே காட்டியது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் கூடாரங்கள் போட்டு, நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். 1957-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் தொடங்கியது. டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் அம்மையாரின் முயற்சி அது. அங்கேயும் குடும்பத்தார் கூடவே தங்கிப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளும் முறை வேரூன்றியது. வீட்டிலிருக்கும் தாயே இந்த நாட்டில் மனநோயாளிக்கு நர்ஸ். அவருக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, இரவுப் பணிக்கு மாற்று ஆள் இல்லை. அவர் விழுந்துவிடாமல் தாங்குவதுதான் மலிவான வழி, நல்ல வழியும் அதுவே.

அப்படித் தாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம் நம் கண்முன் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பமுடியாமல் 28 பேர் மாண்டுபோனார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட குடும்பங்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. பக்கத்தில் சிகிச்சை இல்லாமல், கையிருப்பும் கரைந்த பிறகு, கடைசி நம்பிக்கையாகக் கொண்டுவிட்டவர்கள் அவர்களில் உண்டு. எந்த மதத்தையும் இதில் குற்றம் சொல்லவேண்டாம். நம்முடைய ஜெப வீடுகளிலும் "மாத்திரையை விட்டுவிடு, விசுவாசி" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டே ஜெபிக்கிறோம். மனநோய்க்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஜெபிக்கலாம்.

நல்ல சமாரியனின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தது நமக்கு நினைவிருக்கிறது. அவன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். முதலுதவி செய்தான். தன் வாகனத்தில் ஏற்றினான், அது போக்குவரத்துச் செலவு. சத்திரத்தில் சேர்த்துக் கவனித்தான். மறுநாள் இரண்டு பணம் எடுத்துக் கொடுத்தான். ஒரு பணம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அதற்குமேல் செலவானால் திரும்பிவரும்போது தருவதாகவும் சொல்லிப் போனான். காயம் கட்டினதோடு தன் கடமை முடிந்தது என்று அவன் நினைக்கவில்லை. நோய் ஆறும்வரை ஆகும் செலவையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டான். எங்கள் குடும்ப உதவி நிதி செய்வதும் அவ்வளவே.

இன்னும் ஒரு காரியம். குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாரும் ஒருநாள் எங்களிடம் கேட்கும் கேள்வி, "எங்களுக்குப் பிறகு இவன் கதி?" என்பதுதான். இதற்கு முழு விடை எங்களிடமும் இல்லை. ஆனால் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவின் மூலம், பதினெட்டு வயது கடந்த பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் வருடச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, காப்பீடு, பாதுகாவலர் ஆகிய மூன்றையும் பெற்றோர் திடமாக இருக்கும்போதே செய்து முடிக்க உதவுகிறோம். இந்தக் கூட்டத்திலும், நம் சபைகளிலும் அப்படிப்பட்ட பெற்றோர் இருக்கலாம். சம்பளம் வாங்குகிற குடும்பம், ஆகவே வெளியே சொல்லக் கூசுவீர்கள். தயவுசெய்து வந்து பேசுங்கள். வர முடியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை அது.

உங்களிடம் மூன்று காரியங்களை வேண்டிக்கொள்ளுகிறேன். ஒன்று, ஒரே தடவையாகப் பெரிய தொகை அனுப்புவதைவிட, முடிந்த சிறு தொகையை மாதந்தோறும் அனுப்புங்கள். இந்தச் செலவு மாதந்தோறும் வருகிறது, நடுவில் நின்றால் மருந்தும் நின்றுவிடும். இரண்டு, உங்கள் சபையின் படித்த வாலிபர்களில் இருவரை மாதம் ஒரு நாள் தாருங்கள். விண்ணப்பம் நிரப்பவும், சான்றிதழுக்குப் போகிறவர்களோடு கூடப்போகவும் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற தாசில்தார், வங்கி ஊழியர், ஆசிரியர் இருந்தால் இன்னும் நல்லது. அலுவலகத்தின் பாஷை அவர்களுக்குத் தெரியும். மூன்று, ஆராதனையில் சத்தம் போடுகிற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்தத் தாய் உங்கள் பக்கத்தில் உட்கார இடம் கொடுங்கள்.

உங்கள் காணிக்கையில் கட்டடம் எழும்பவில்லை, திறப்புவிழாக் கல்வெட்டில் உங்கள் பெயரும் இல்லை. ஆனால் வரும் திங்கட்கிழமை காலையில் ஏதோ ஒரு கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாய் தன் மகனோடு நிற்பார், அன்றைய கூலி போய்விடுமே என்ற பயமில்லாமல்.